மக்கள் அறிவியல்: பறவை, ஆமை, காற்று, மழை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரியோ கடற்கரையோ தெருமுனை மரமோ, ஏதாவது ஒன்றைத் தொடர்ந்து கவனித்துக் குறித்துவைக்க ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பறவைக் கணக்கெடுப்புதான் எனக்கு நெருக்கமானது, அதனால் அதிலிருந்து எடுத்துக்காட்டுகள் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

மக்கள் அறிவியல் என்றால் என்ன?

ஆராய்ச்சியைத் தொழிலாகச் செய்யாத ஆட்கள், ஒரு முறை வகுத்துக்கொண்டு, சுற்றி நடப்பதைக் கவனித்து, அந்தத் தகவலை மற்றவர்கள் சரிபார்க்கவும் பயன்படுத்தவும் முடிகிற இடத்தில் கொடுப்பது. முறை இல்லாமல் பார்த்தால் அது பொழுதுபோக்கு (அதில் தப்பே இல்லை). முறையாகப் பார்த்துவிட்டு டைரியிலேயே பூட்டி வைத்தால் ஊருக்குப் பயன் இல்லை.

இது புதிதும் இல்லை. 1900 டிசம்பர் 25 அன்று ஃப்ராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், கிறிஸ்துமஸ் சமயத்தில் துப்பாக்கியோடு போய்ப் பறவைகளைச் சுட்டுக் குவிக்கும் வழக்கத்துக்குப் பதிலாக எண்ணிவிட்டு வருவோம் என்று வட அமெரிக்காவில் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கினார். முதல் வருடம் 25 இடங்களில் 27 பேர். அது இன்றும் வருடா வருடம் நடக்கிறது. நூறு வருடத்துக்கும் மேலான கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நம்மூர்ப் பறவைகளுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சரி, எண்ணுவதால் சுற்றுச்சூழல் எப்படிக் காப்பாற்றப்படும்?

எண்ணுவதால் மட்டும் காப்பாற்றப்படாது. ஆனால் எண்ணாமல் விட்டால் காப்பாற்றக் கேட்பதற்கே வழி இல்லாமல் போகிறது. ஒரு ஏரியில் கழிவு கலக்கிறது, பறவைகள் வருவது நின்றுவிட்டது என்று மனு கொடுக்கிறீர்கள். முதலில் வரும் கேள்வி, "முன்பு எத்தனை வந்தன?" என்பதுதான். "ஆயிரக்கணக்கில் வரும் சார், சின்ன வயசில் பார்த்திருக்கேன்" என்றால் அதை யாரும் கோப்பில் ஏற்ற மாட்டார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய ஜனவரியில் அந்த ஏரியில் இத்தனை நாமக்கோழி, இத்தனை சங்குவளை நாரை என்று தேதியோடு ஒரு பட்டியல் இருந்தால் பேச்சே வேறு.

பழைய கணக்கு இல்லாததால் தோற்றுப்போகும் வழக்குகள்தான் எனக்கு அதிகம் வலிக்கின்றன. பிரச்சினை வந்த பிறகு ஓடிப்போய் எண்ணினால் பிரச்சினைக்குப் பிந்தைய நிலைதான் பதிவாகும். அதனால் எல்லாம் நன்றாக இருக்கும்போதே, யாரும் கேட்காதபோதே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்கிறார்களே, அது உண்மையா?

மக்கள் அறிவியல் எதற்கு என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

2020-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. பல ஆய்வு நிறுவனங்களும் அமைப்புகளும் சேர்ந்து எழுதியது. அதற்கு அடிப்படை, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள், பார்த்த பறவைகளின் பட்டியலைப் பதிவுசெய்யும் ஈபேர்டு என்ற இணையதளத்தில் ஏற்றிய ஒரு கோடிக்கும் அதிகமான பதிவுகள். அதில் பார்த்தால், நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் அதற்கு முந்தைய 25 வருடங்களில் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருந்திருக்கிறது. சென்னை, பெங்களூரு, டெல்லி மாதிரி பெருநகரங்களில் மட்டும் படிப்படியாகக் குறைந்திருக்கிறது. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை என்றும் அறிக்கை சொன்னது. குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காததும், கூடு வைக்கப் பொந்தும் இடுக்கும் இல்லாத கட்டடங்கள் பெருகியதும் காரணமாக இருக்கலாம்.

நகரத்தில் குருவி காணாமல் போனதைப் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது அவர்கள் தெருவை. எல்லாத் தெருவையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் முழுப் படம் தெரிந்தது.

அதே வேலையின் தொடர்ச்சியாக 2023-இல் வந்த அறிக்கை மூன்று கோடிப் பதிவுகளை வைத்து 942 வகைப் பறவைகளைப் பார்த்தது. குருவிக்காக நாம் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து நீல இறக்கையைக் காட்டிப் பறக்கும் பனங்காடை குறைந்துகொண்டே வந்திருக்கிறது! அதன் பாதுகாப்பு நிலையை உலக அளவில் மறுபடி மதிப்பிட வேண்டும் என்று அந்த அறிக்கை கேட்டது. பனங்காடைக்காக யாரும் கூட்டம் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கும் இருக்கிற பறவை என்று நினைத்துத்தான் யாரும் கவனிக்கவில்லை.

சாதாரண ஆட்கள் கொடுக்கும் தகவலை எப்படி நம்புவது?

நல்ல கேள்வி, கட்டாயம் கேட்க வேண்டியதும்கூட. தப்பு நடக்கத்தான் செய்யும், அதை எதிர்பார்த்தே முறையை அமைத்திருக்கிறார்கள். ஈபேர்டில் ஒவ்வொரு பகுதிக்கும் மாதத்துக்கும் என்னென்ன பறவை, அதிகபட்சம் எத்தனை இருக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் பதிவு தனியாக நிற்கும், அந்தப் பகுதியை அறிந்த தன்னார்வலர் ஒருவர் படம் இருக்கிறதா, எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று கேட்டு எழுதுவார். அப்படிக் கேட்டு மின்னஞ்சல் வந்தால் கோபப்படாதீர்கள். உங்களைச் சந்தேகப்படவில்லை, பதிவைச் சரிபார்க்கிறார்.

எல்லா உயிரினங்களுக்குமான ஐநேச்சுரலிஸ்ட் தளம் வேறு வழியில் போகிறது. படம் அல்லது ஒலிப்பதிவு, தேதி, இடம் மூன்றும் இருக்க வேண்டும், அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஒரே இனம் என்று ஒத்துக்கொண்டால்தான் ஆய்வுக்கு ஏற்ற பதிவாகும். செடி, பூச்சி, சிலந்தி, காளான் எதுவானாலும் அங்கே போடலாம்.

இதையெல்லாம் தாண்டியும் தப்பு நுழையும்தான். லட்சக்கணக்கான பதிவுகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் தப்பு முடிவை மாற்றாது. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி ஒரே தப்பைச் செய்தால் மாற்றிவிடும். அந்த வகைத் தப்பைப் பற்றிக் கீழே வருகிறது.

எப்படித் தொடங்குவது?

பறவை என்றால் இப்படி. ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள், மொட்டை மாடி, கண்மாய்க் கரை, கல்லூரி வளாகம் எதுவானாலும் சரி. அங்கே குறைந்தது 15 நிமிடம் இருந்து, பார்த்ததும் கேட்டதுமாக உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு குறியுங்கள். தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் நின்றீர்கள், நடந்தீர்கள் என்றால் எவ்வளவு தூரம், எத்தனை பேர் சேர்ந்து பார்த்தீர்கள், அதையும் குறியுங்கள்.

இதில் உயிர் இருப்பது 'எல்லாப் பறவைகளையும்' என்ற இடத்தில். அரிய பறவையை மட்டும் போட்டுவிட்டுக் காக்காயையும் மைனாவையும் விட்டுவிடுகிறவர்கள் நிறைய பேர். அப்படிச் செய்தால் காக்காய் இல்லையா, அல்லது இருந்தும் நீங்கள் எழுதவில்லையா என்பது யாருக்கும் தெரியாது. முழுப் பட்டியலாக இருந்தால், அதில் இல்லாத பறவையும் ஒரு தகவல். ஒரு மாவட்டத்தின் நூறு பட்டியல்களில் எத்தனையில் சிட்டுக்குருவி இருக்கிறது என்று வருடா வருடம் பார்த்துத்தான் கூடுகிறதா குறைகிறதா என்று கண்டுபிடிக்கிறார்கள். காக்காய் இல்லாத பட்டியலைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அப்புறம், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். பத்து இடத்துக்கு ஒரு தடவை போவதைவிட ஒரு இடத்துக்குப் பத்து தடவை போவது மாற்றத்தைக் காட்டும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலை ஒட்டிய நாட்களில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுவதும் நான்கு நாள் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. தொடங்க அவை நல்ல சாக்கு.

எனக்குப் பத்துப் பறவை பெயர்கூடத் தெரியாதே?

தெரிந்த பத்தை எழுதுங்கள். காகம், மைனா, மணிப்புறா, கரிச்சான், செம்போத்து, தவிட்டுக்குருவி, மடையான், உண்ணிக்கொக்கு, மீன்கொத்தி, மயில். பாருங்கள், பத்து ஆகிவிட்டது, இவற்றைப் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரியும். தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடலாம். குரலை வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் மாதிரிச் செயலி கற்றுக்கொள்ள உதவும், ஆனால் அது சொன்னதை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். பறவையைக் கண்ணால் பார்த்தோ, குரலை நீங்களே உறுதிசெய்தோ ஏற்றுங்கள்.

எல்லோரும் ஊருக்குப் பக்கத்திலும் சரணாலயத்திலும் தானே பார்க்கிறார்கள்? மற்ற இடங்கள்?

நான் மேலே சொன்ன, எல்லோரும் சேர்ந்து செய்யும் ஒரே மாதிரித் தப்பு இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி போகிற ரோடு, பறவை அதிகம் இருக்கும் ஏரி என்றே பதிவுகள் குவிகின்றன. முள்ளுக்காடு, மேய்ச்சல் நிலம், மானாவாரிப் புன்செய் எல்லாம் வெறுமையாகக் கிடக்கின்றன. இத்தனைக்கும் நிலம் வேகமாகக் கைமாறுவதும் மாறிப்போவதும் அங்கேதான்.

இதற்கு ஒரு அருமையான பதிலைக் கேரளத்துக்காரர்கள் செய்து காட்டினார்கள். 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கேரளப் பறவை வரைபடத்தை உருவாக்கினார்கள். மாநிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எங்கே போக வேண்டும் என்பதை ஆட்களின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். அந்தக் கட்டம் ரப்பர்த் தோட்டமோ யார் வீட்டுக் கொல்லையோ, போய்த்தான் ஆக வேண்டும், மழைக்காலத்தில் ஒரு முறை, வறண்ட காலத்தில் ஒரு முறை. சுமார் 3 லட்சம் பதிவுகள், 361 வகைப் பறவைகள். தமிழ்நாட்டு அளவில் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அதுவரைக்கும் நீங்கள் செய்யக்கூடியது, சொந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் அங்கே ஒரு பட்டியல் போடுவது.

பறவை தவிர வேறு என்ன? கடல் ஆமை நடை என்று கேள்விப்பட்டேன்.

சென்னைக்காரர்கள் பெருமைப்பட வேண்டிய வேலை அது. மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-இல் இருந்து ஆமைக் காலத்தில் இரவு நேரம் கடற்கரையில் நடக்கிறது. நீலாங்கரை தொடங்கிப் பெசன்ட் நகர் வரை மணலில் பல கிலோமீட்டர். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் கரையேறி, ஒரு குழியில் நூறு முட்டைக்கும் மேல் இட்டுவிட்டுப் போகும். நடப்பவர்கள் ஆமையின் தடத்தைப் பார்த்துக் குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றி, ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். குஞ்சு வெளிச்சத்தை நோக்கிப் போகும், தெருவிளக்குப் பக்கம் திரும்பினால் செத்துவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

இதில் பலர் கவனிக்காத பாதி, பதிவு. எத்தனை குழி, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எத்தனை செத்த ஆமை. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. வருடா வருடம் எண்ணி வைத்த ஆட்கள் இருந்ததால்தான் இது வழக்கமான சாவு இல்லை என்று உடனே உறுதியாகச் சொல்ல முடிந்தது, செய்தியானது. ஆமை மூச்சு விட மேலே வர வேண்டிய உயிர், கரைக்கு அருகே இழுக்கும் இழுவலையில் மாட்டினால் மூழ்கிச் சாகும். எங்கே, எந்த வாரத்தில் அதிகம் ஒதுங்குகின்றன என்ற பதிவு இருந்தால், எந்தக் கடல்பகுதியில் ரோந்து போக வேண்டும் என்று கேட்கலாம்.

நடக்க விரும்பினால் அமைப்போடு சேர்ந்து போங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் முட்டையைத் தொடுவது சட்டப்படி குற்றம்.

தொழிற்சாலை மாசை மக்களே அளக்க முடியுமா?

முடியும், கடலூரில் அளந்திருக்கிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் நாற்றமும் கண்ணெரிச்சலும் வருடக்கணக்காக இருந்தன. புகார் கொடுத்தால் அதிகாரி வந்து சேர்வதற்குள் காற்று திரும்பிவிடும், நாற்றம் போயிருக்கும். 2004 வாக்கில் ஊர்க்காரர்கள் சிலர் பயிற்சி எடுத்துக்கொண்டு ஒரு வாளியைக் கையில் எடுத்தார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, அதற்குள்ளே காற்றுப் புகாத விசேஷப் பை, வாளியில் இருக்கும் காற்றை வெளியே இழுக்கும் சின்ன பம்பு. வாளிக்குள் காற்றழுத்தம் குறையும்போது வெளிக்காற்று பைக்குள் வந்து நிரம்பும். நாற்றம் அடிக்கும் அந்த நேரத்திலேயே, நடு இரவானாலும், மாதிரி பிடித்துவிடலாம். பிடித்த மாதிரியை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், நச்சு வேதிப்பொருள்கள் இருப்பது தாளில் வந்தது. கலிஃபோர்னியாவில் எண்ணெய் ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் 1990களில் பயன்படுத்திய முறை அது.

2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிகக் கடுமையாக மாசடைந்தவை என்று பட்டியலிட்ட 43 தொழிற்பகுதிகளில் கடலூரும் இருந்தது. ஊர்க்காரர்களின் மூக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தது.

வாளிகூட இல்லாமல் நீங்கள் நாளைக்கே தொடங்கக்கூடியது நாற்றக் குறிப்பேடு. தேதி, நேரம், காற்று எந்தத் திசையிலிருந்து, என்ன மாதிரி நாற்றம், எவ்வளவு நேரம், யாருக்கு என்ன உபாதை. அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கலாம். ஐந்து வீட்டில் ஐந்து பேர் தனித்தனியாக எழுதி, பிறகு சேர்த்துப் பார்த்தால் எந்தக் கிழமை, எந்த நேரம் என்று ஒரு ஒழுங்கு தெரியவரும்.

காற்று மாசை அளக்கும் மலிவான கருவி வாங்கலாமா?

வாங்கலாம். ஈரப்பதம் அதிகமாக இருந்தால் நுண்துகளைக் கூட்டிக் காட்டும், கடலோர ஊரில் விடிகாலை அளவை அப்படியே நம்பாதீர்கள். காற்று மாசை அளக்கும் அரசு நிலையத்துக்கு அருகே சில நாள் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மழை அளப்பது இதில் சேருமா?

சேரும், எல்லாவற்றிலும் சுலபமும் அதுதான். ஒரு மழைமானி, மேலே மரமோ சுவரோ மறைக்காத இடம், தினமும் காலை 8.30 மணிக்கு அளவு. வானிலைத் துறையின் 24 மணி நேரக் கணக்கு அந்த நேரத்தோடு முடிவதால் நீங்களும் அதே நேரத்தில் எடுத்தால் ஒப்பிடலாம். மழை பெய்யாத நாளில் 0 என்று எழுத வேண்டும், காலியாக விடக்கூடாது.

வீட்டளவு எதற்கு என்றால், 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. ஒரே நகரம், ஒரே நாள்! உங்கள் ஏரிக்கு எவ்வளவு வந்தது என்பது இரண்டு நிலையத்தை மட்டும் வைத்துத் தெரியாது.

பள்ளி ஆசிரியர் நான். பிள்ளைகளை வைத்து என்ன செய்யலாம்?

மரம். 2010 முதல் நடக்கும் சீசன்வாட்ச் திட்டத்தில் ஒரு மரத்தைத் தத்தெடுத்து வாரம் ஒரு முறை தளிர், பூ, காய், பழம் இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். மாமரம், புளி, வேம்பு, கொன்றை என்று பள்ளி வளாகத்திலேயே இருக்கும். மரம் பறந்துபோகாது, பைனாகுலர் வேண்டாம், ஆறாம் வகுப்புப் பிள்ளை துல்லியமாகச் செய்யும். வேம்பு சித்திரையில்தான் பூக்கிறதா, முன்பே பூத்துவிடுகிறதா என்பதைப் பல வருடக் கணக்கு சொல்லும். தேர்வு விடுமுறையில்தான் பல மரங்கள் பூக்கும், அந்த மாதங்களுக்கு மட்டும் பள்ளிக்கு அருகே குடியிருக்கும் பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

அரிய உயிரினத்தின் இடத்தைப் போட்டால் வேட்டைக்காரனுக்கு வழிகாட்டியது ஆகாதா?

ஆகலாம். ஆபத்தில் இருக்கும் பல இனங்களுக்கு இந்தத் தளங்களே துல்லியமான இடத்தை மறைத்துவிடும். ஆனால் வாட்ஸ்ஆப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் நீங்கள்தான் மறைக்க வேண்டும். ஆந்தை பகலில் அடையும் மரம், கழுகின் கூடு, நட்சத்திர ஆமை பார்த்த காடு ஆகியவற்றைப் பொதுவில் சொல்லவே சொல்லாதீர்கள். படத்துக்காகக் கூட்டை நெருங்குவதும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம்.

இது அரசாங்கத்தின் வேலை. நாம் ஏன் சம்பளம் இல்லாமல் செய்ய வேண்டும்?

கண்காணிப்பது அரசின் கடமை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தன்னார்வலர்கள் இருக்கிறார்களே என்று அரசு கையைக் கட்டிக்கொண்டால் அதைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் இருக்கும் ஏரி, குளம், கண்மாய் அத்தனையையும் வருடம் முழுக்கப் பார்க்க எந்தத் துறையிடமும் ஆள் இல்லை, கரையில் குடியிருப்பவர்கள்தான் தினமும் பார்க்கிறார்கள். வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பில் இப்போது தன்னார்வலர்களும் சேர்ந்துதான் போகிறார்கள், உங்கள் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள். இன்னொன்று, கணக்கு மக்கள் கையிலும் இருந்தால் அதை யாரும் மறைக்க முடியாது.

எங்கள் ஏரியில் இன்று காலை மீன்கள் செத்து மிதக்கின்றன. இப்போது என்ன செய்வது?

நேரம் முக்கியம், மதியத்துக்குள் நிலைமை மாறிவிடும். முதலில் படமும் வீடியோவும், கைப்பேசியில் இடக்குறிப்பை இயக்கிவிட்டு, கரையின் பல பக்கங்களிலிருந்து. மீன்கள் எந்த வகை, எல்லாம் ஒரே வகையா, சின்னதா பெரிதா, ஒரு இடத்தில் குத்துமதிப்பாக எத்தனை என்று எழுதுங்கள். தண்ணீரின் நிறம், நுரை, வாசனை, முந்தைய நாள் மழை பெய்ததா, எந்த வாய்க்கால் வழியாகப் புதிதாகத் தண்ணீர் வந்தது என்பதையும் எழுதுங்கள். விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்தும் மீன் சாகும், அதனால் காரணத்தை நீங்களே முடிவு செய்து எழுதாமல் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

வெறும் கையால் தண்ணீரைத் தொடாதீர்கள். கையுறை இருந்தால், சுத்தமான புட்டியை அதே ஏரித் தண்ணீரில் அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடி, இடமும் நேரமும் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். வாய்க்கால் சேரும் இடத்தில் ஒன்று, அதற்கு எதிர்க்கரையில் ஒன்று. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாரபூர்வ மாதிரியை அவர்கள்தான் எடுக்க வேண்டும், உங்கள் புட்டி அவர்கள் வரத் தாமதமானால் பேசுவதற்கு. அந்த ஏரிக்கு முன்பு யாராவது போட்ட பறவைப் பட்டியல்கள் இருக்கின்றனவா என்று ஈபேர்டில் தேடி, இருந்தால் அச்செடுத்துப் புகாரோடு இணையுங்கள்.